மதகு எண் கேட்டு நிலம் வாங்குவது

கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகர் அணையில் புறப்பட்டு, சத்தியமங்கலம், கோபி, பெருந்துறை வட்டாரங்களைக் கடந்து, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடுகிறது. மேட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போகும் வாய்க்கால் என்பதால் பாய்ச்சல் முழுவதும் பள்ளப் பக்கத்துக்குத்தான். பெருந்துறைக்குத் தெற்கே கரைமேல் நின்று பார்த்தால், ஒரு புறம் நெல்லும் மஞ்சளும் வாழையும் நிற்கும். மறுபுறம் வேலாமரமும் சோளக்காடும் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே மழை. ஆனால் ஏக்கர் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

அந்த வித்தியாசம்தான் தண்ணீரின் விலை. பாசன நிலத்தை முதலீடாக வாங்க வருபவர்களில் பலர் பட்டாவையும் பத்திரத்தையும் வக்கீலிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள்; தண்ணீரை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கிணறு நிறைந்திருக்கிறது, வாய்க்கால் ஓடுகிறது, போதும் என்று நினைக்கிறார்கள். கொடுக்கிற காசில் பெரும்பங்கு எதற்குப் போகிறதோ அதை முதலில் சோதிக்க வேண்டும். ஆகவே இந்த அத்தியாயத்தில் தண்ணீர் முன்னே வருகிறது, மற்றவை பின்னே. எடுத்துக்காட்டுகள் கொங்குப் பகுதியிலிருந்து வருகின்றன. வாய்க்கால், கிணறு, போர் என்று மூன்று வகைப் பாசனமும், மஞ்சள், மக்காச்சோளம், கரும்பு, பருத்தி, மரவள்ளி என்று சால் பிடித்து நடுகிற பயிர்களும் ஒரே வட்டாரத்தில் அங்கே கிடைக்கின்றன.

முதலில் வாய்க்கால் நிலம். கீழ்பவானி ஆயக்கட்டு, அதாவது வாய்க்கால் பாயும் மொத்தப் பரப்பு, 2,07,000 ஏக்கர். இது முழுவதற்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடைப்பதில்லை. 1,03,500 ஏக்கர் வீதம் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் ஆண்டு பிரதான வாய்க்காலின் இரட்டைப்படை மதகுகளும் சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலின் ஒற்றைப்படை மதகுகளும் முதல் போகத்துக்குத் திறக்கும். அது வழக்கமாக ஆகஸ்ட் 15-ல் தொடங்கும் நன்செய்ப் பாசனம், நெல்லுக்கானது. மறு பாதிக்கு ஜனவரி வாக்கில் புன்செய்ப் பாசனம். கடலை, எள், மக்காச்சோளத்துக்கு விட்டு விட்டு வரும் தண்ணீர். அடுத்த ஆண்டு முறை மாறும். ஆக, நிலம் எந்த மதகின் கீழ் வருகிறது என்ற ஒரே கேள்வி, வாங்கிய முதல் ஆண்டில் என்ன பயிர் வைக்கலாம், எப்போது கையில் காசு வரும் என்பதைச் சொல்லிவிடும். விற்பவருக்கு மதகு எண் தெரியாமல் இருக்காது. அவர் தயங்கினால், நிலம் ஆயக்கட்டுக்குள் இருக்கிறதா என்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் போனால் கணக்கு இன்னும் இறுக்கமானது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணையின் கீழ் உள்ள 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் தண்ணீர். "பி.ஏ.பி. பாசனம் உள்ள பூமி" என்று தரகர் சொல்வது பொய்யாகாது, ஆனால் எந்த மண்டலம், கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது, அந்தச் சுற்றில் கடைமடை வரை வந்ததா என்பதை அவர் தாமாகச் சொல்லமாட்டார். கடைமடை நிலத்தின் விலை தலைமடை நிலத்தின் விலையாக இருக்கக் கூடாது. ஆயக்கட்டுப் பதிவை நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகத்தில் சர்வே எண் சொல்லிக் கேட்டால் உறுதி செய்துகொள்ளலாம். வாய்க்காலை ஒட்டினாற்போல் கிணறு வெட்டி, அதிலிருந்து குழாய் போட்டு வெகுதூரம் தண்ணீர் கொண்டுபோகும் ஏற்பாடு உள்ள நிலமென்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. வாய்க்கால் தண்ணீரைத் திருட்டுத்தனமாக எடுப்பதாக வழக்கு வந்தால் முதலில் போவது அந்தக் கிணற்றின் மின் இணைப்புதான்.

வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் உள்ள உறவையும் வாங்குபவர் புரிந்துகொள்ள வேண்டும். கீழ்பவானி மண் வாய்க்காலாகவே வெட்டப்பட்டது. அதன் கசிவு நீர் கீழ்ப்பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றாக இறங்குகிறது. பக்கவாட்டில் கான்கிரீட் போட்டுச் சீரமைக்கும் திட்டம் 2020-ல் அரசாணையாக வந்தபோது, கசிவு நின்றால் கிணறு வறளும் என்று ஒரு சாராரும், கசிவைத் தடுத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்று மற்றொரு சாராரும் எதிரெதிராகப் போராடினார்கள். இரண்டு தரப்பும் சொன்னதில் உண்மை இருக்கிறது. முதலீடு செய்பவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு: நல்ல ஊற்றுள்ள கிணறு என்று தெரிந்தால், அந்த ஊற்று எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். அரசின் ஒரு முடிவால் நின்றுபோகக்கூடிய ஊற்றுக்கு முழு விலை தருவது சரியல்ல.

கிணற்றைச் சோதிக்க ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. ஐப்பசியில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். காலையில் மோட்டார் போடும் முன் கயிறு விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மோட்டாரை ஓடவிட்டு, குழாய் வாயில் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பார்த்துக்கொள்ளலாம். 25 விநாடி என்றால் விநாடிக்கு 8 லிட்டர், மணிக்கு 28,800 லிட்டர். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க 4,047 லிட்டர் வேண்டும். 50 மில்லிமீட்டர் பாய்ச்ச இரண்டு லட்சம் லிட்டர். அதாவது இந்த மோட்டாருக்கு ஏக்கருக்கு ஏழு மணி நேரம். கிணறு ஏழு மணி நேரம் தாங்குமா, மூன்று மணி நேரத்தில் குழாய் காற்றைக் கக்குமா? மோட்டாரை நிறுத்தி மறுநாள் காலை மீண்டும் கயிறு விட்டால், இரவில் எவ்வளவு ஊறியது என்பதும் தெரிந்துவிடும்.

இந்த எண்ணைப் பயிரோடு சேர்த்துப் பார்த்தால்தான் நிலத்தின் உண்மையான அளவு புரியும். மக்காச்சோளத்துக்குப் பருவம் முழுவதற்கும் 500 முதல் 600 மில்லிமீட்டர் போதும். கரும்புக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் வேண்டும். ஓர் ஏக்கர் மக்காச்சோளம் 22 லட்சம் லிட்டரில் முடிந்துவிடும். கரும்பு 80 லட்சம் லிட்டர் குடிக்கும். ஐந்து ஏக்கர் வாங்கி, ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் தண்ணீர் இருந்தால், மூன்றரை ஏக்கர் மானாவாரிக் காட்டுக்குப் பாசன நிலத்து விலை கொடுத்ததாகிவிடும். மழைக்கணக்கைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிதாகவே நிற்கும்.

சோதனை முடிந்த பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "2017 கோடையில் இந்தக் கிணறு எப்படிங்க இருந்துச்சு?" 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புகை மட்டுமே வந்த கதைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அந்தக் கோடையைத் தாண்டிய கிணறு என்றால் நம்பிக்கையோடு பேரம் பேசலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் மாநில நீர்வளத் துறையோடு சேர்ந்து குறுவட்டம் வாரியாக நீர் நிலையை மதிப்பிடுகிறது. ஆண்டுதோறும் ஊறுவதைவிட எடுப்பது அதிகமாக இருந்தால், அதாவது 100 சதவீதத்தைத் தாண்டினால், அது அதிநுகர்வுப் பகுதி. 2020 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் குறுவட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வகையில்தான் விழுந்தன. பார்க்கிற நிலம் அந்தப் பட்டியலில் இருந்தால், இன்றைய தண்ணீர் பத்து ஆண்டு கழித்தும் இருக்கும் என்று கணக்குப் போட முடியாது.

தண்ணீரின் அளவு போலவே தரமும் முக்கியம். நொய்யல் கரையில் இதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கழிவுத் தேக்கமாக மாறியது. கீழே பல ஊர்களில் கிணற்று நீர் உப்பேறி, தென்னையும் மஞ்சளும் பட்டுப்போயின. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதற்குள் அந்த மண்ணில் சேர்ந்துவிட்ட உப்பு உத்தரவைக் கேட்டு இறங்கிவிடாது. ஒரு பாட்டில் கிணற்று நீரையும் நிலத்தின் நாலைந்து இடத்து மண்ணையும் வேளாண் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் சொற்பக் கட்டணத்தில் உப்பின் அளவும் கார அமில நிலையும் தெரிந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

இனி காகிதம். அதிலும் தண்ணீரின் காகிதமே முதலில் வர வேண்டும். கொங்கு நாட்டில் பாகப்பிரிவினை ஆகும்போது நிலம் பிரியும், கிணறு பிரியாது. அண்ணன் தம்பி நான்கு பேருக்கு நிலம் பிரிந்திருந்தால், கிணற்றில் ஆளுக்கு 4-ல் 1 பாகமும், நாலு நாளைக்கு ஒரு நாள் முறைத் தண்ணீரும், பொது மோட்டாரும், வாய்க்கால் வழியும் இருக்கும். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நாலு எல்லைக்கும் பிறகு வரும் வரிகளைத்தான் மிகவும் நிதானமாகப் படிக்க வேண்டும். கிணற்றில் எத்தனை பாகம், அந்தக் கிணறு எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, சர்வீஸ் எண் என்ன, எத்தனை குதிரைத்திறன், தண்ணீர் கொண்டுபோகும் பாத்தியம், மாமூல் வண்டித் தட பாத்தியம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கிணறு பங்காளியின் சர்வே எண்ணுக்குள் இருந்து, பாத்தியம் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லையென்றால், கேட்ட விலையில் பாதிக்குக் கொடுத்தாலும் அந்த நிலத்தை விட்டுவிடுவது நல்லது. பங்காளிகளுக்குள் வாய்ச்சொல்லாக ஓடிய ஏற்பாடு வெளியூர்க்காரர் வாங்கிய மறுநாளே நின்றுபோகலாம். தடமும் இப்படித்தான். நடக்க வழியிருந்தால் போதாது. கரும்பு லாரியோ மக்காச்சோள அறுவடை இயந்திரமோ உள்ளே வர வேண்டும்.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதும் விலையோடு சேர்ந்த விஷயம். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனால் புது இணைப்புக்குச் சாதாரண வரிசையில் பல ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். சுயநிதி, தட்கல் வழிகளில் பணம் கட்டிச் சீக்கிரம் பெறலாம். பல நிலங்களில் இணைப்பு இன்னும் காலமான தாத்தாவின் பெயரிலேயே கிடக்கிறது. வாரிசுகள் அனைவரின் சம்மதத்தோடு பெயர் மாற்றித் தருவதை விற்பவரின் பொறுப்பாகக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

நில உரிமையைப் பற்றி வக்கீல் சொல்வார். இங்கே நான்கு கண்ணிகள் மட்டும். பட்டா ஹெக்டேர்–ஏர் கணக்கில் இருக்கும், 0.40.5 என்றால் ஓர் ஏக்கர், 0.81.0 என்றால் இரண்டு. பத்திரத்தில் ஏக்கர்–சென்ட் கணக்கு. இரண்டும் ஒத்துவராவிட்டால், 1980-களின் யு.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) பதிவில் நேர்ந்த பிழையா, உண்மையிலேயே நிலம் குறைவா என்பதை அளந்துதான் அறிய வேண்டும். அடுத்தது மகள்களின் பங்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வந்த 1989 திருத்தமும், நாடு முழுவதற்கும் வந்த 2005 திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு இணையான உரிமையைத் தந்தன. 2020-ல் உச்ச நீதிமன்றம், தந்தை எப்போது இறந்தார் என்பதைப் பார்க்காமலே அந்த உரிமை உண்டு என்று தீர்த்துச் சொன்னது. கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகள் கையெழுத்துப் போடாத பூர்வீகத் தோட்டத்தை வாங்கக் கூடாது. பயந்து சொல்வதல்ல, அவர்களுடைய நியாயமான பங்கு அது. மூன்றாவது, ஆங்கிலேயர் காலத்தில் 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம். அதை மற்றவர்கள் வாங்குவது செல்லாது. வாங்க நினைப்பதே அநியாயம். நான்காவது, கோயில் நிலமும் பூதான நிலமும். பத்திர அலுவலகத் தடைப் பட்டியலிலும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டிலும் சர்வே எண்ணைப் பார்த்தால் இவை பிடிபடும். வில்லங்கச் சான்றை 1975 முதல் இணையத்திலேயே எடுத்துவிடலாம்.

நிலத்துக்கு அடியிலும் மேலேயும் பார்க்க வேண்டியிருக்கிறது. மேற்கு மாவட்டங்கள் ஏழின் வழியாக எரிவாயுக் குழாய் பதிக்கும் திட்டத்தை எதிர்த்து 2013-ல் விவசாயிகள் திரண்டார்கள். சில ஆண்டுகளில் உயர் மின்கோபுரங்களுக்கு எதிராகவும் திரண்டார்கள். குழாய்ப் பாதையில் உழுது விதைக்கலாம். மரம் வைக்கவோ, கிணறு தோண்டவோ, கட்டடம் எழுப்பவோ முடியாது. பாதை அறிவிக்கப்பட்டு இன்னும் வேலை தொடங்காத நிலமும் சந்தையில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடமும், அதைவிட முக்கியமாக டீக்கடையிலும் விசாரிக்க வேண்டும்.

யார் வாங்கலாம்? தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்கத் தடையில்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 நிலையான ஏக்கர் என்ற உச்சவரம்பு உண்டு. வெளிநாடு வாழ் இந்தியர் விளைநிலத்தை வாரிசாகப் பெறலாம். விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. துபாயிலிருந்து பணம் அனுப்பி, தம்பி பெயரில் வாங்கி, பிறகு பகையில் முடிந்த கதைகளுக்குக் குறைவில்லை.

வாங்குபவர் ஊரில் இல்லாதபோது யார் உழுவது என்பது அடுத்த கேள்வி. குத்தகைக்கு விடுவதுதான் பொதுவான வழி. 1955-ன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், நியாயக் குத்தகையைப் பொதுவாக மகசூலில் நான்கில் ஒரு பங்காக வைக்கும் 1956 சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவுசெய்யும் 1969 சட்டமும் உழுகிறவர் பக்கம் நிற்கின்றன; நிற்கவும் வேண்டும். இரண்டு தலைமுறையாக ஒருவர் உழுதுவரும் நிலத்தை, "காலி பண்ணித் தந்துடுவோம்" என்ற வாக்கை மட்டும் நம்பி வாங்குவது இரு தரப்புக்கும் கேடு. குத்தகைதாரர் யார், பதிவு உண்டா, அவர் என்ன சொல்கிறார் என்று வாங்குபவரே நேரில் கேட்க வேண்டும். அவர் நல்ல பண்ணையம் செய்பவராக இருந்தால், அவரையே தொடரச் சொல்லி எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது பல நேரம் சிறந்த முடிவாகிவிடும். அந்தக் கிணற்றின் குணம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு விற்பவருக்கே தெரிந்திருக்காது.

வரவைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். ஒரு கணக்குக்காக, ஏக்கர் 35 லட்சம் வீதம் மூன்று ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். கிரயம் 1.05 கோடி. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 9.45 லட்சம். வேலி, மோட்டார், சொட்டுநீர்க் குழாய்ப் பழுது என்று ஐந்து லட்சம் சேர்த்தால் 1.2 கோடியை நெருங்கும். குத்தகை ஏக்கருக்கு 35,000 என்றால் ஆண்டு வரவு 1.05 லட்சம், போட்ட பணத்தில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. வங்கி வைப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. மீதி ஆதாயம் முழுக்க நிலத்தின் விலை ஏறுவதில்தான் இருக்கிறது. புறவழிச்சாலை வரும், மனை போடலாம் என்ற எதிர்பார்ப்பு விலையில் ஏற்கெனவே ஏறியிருந்தால், அது விளைநிலத்துக்கான விலை அல்ல. அந்த எதிர்பார்ப்பை நம்பி வாங்குபவர் வேறு அத்தியாயத்தைப் படிக்க வேண்டும்.

தானே பண்ணையம் செய்தால் வரவு கூடும். ஏற்ற இறக்கமும் கூடும். 2010-ல் ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்து எல்லோரும் மஞ்சள் வைத்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் விலை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. அன்றைய உச்சத்தின் மகசூலை வைத்து நிலத்துக்கு விலை போட்டவர்கள் நீண்ட காலம் கடனில் இருந்தார்கள். 2018-ல் படைப்புழு முதன்முறையாக வந்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றது. ஆகவே மகசூல் கணக்கை ஒரு நல்ல ஆண்டை வைத்துப் போடக் கூடாது. விற்பவரிடம் மண்டிச் சீட்டோ, கரும்பு ஆலையின் பணப் பட்டுவாடாச் சீட்டோ ஐந்து ஆண்டுக்குக் கேட்டு, அதில் மோசமான இரண்டு ஆண்டைப் பார்த்தால் போதும்.

வரிச் சலுகை உண்மையானது. விவசாய வருமானத்துக்கு வரியில்லை; பிற வருமானம் உள்ளவருக்கு விகிதத்தைக் கணக்கிட மட்டும் அது சேர்த்துக்கொள்ளப்படும். கிராமப்புற விளைநிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியும் இல்லை. கிராமப்புறம் என்பதற்கு அளவு உண்டு: நகராட்சியின் மக்கள்தொகை 10,000 முதல் ஒரு லட்சம் வரை என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8 கிலோமீட்டர், நேர்கோட்டில் அளந்து. கோவைக்குப் பக்கத்தில் வாங்குபவருக்கு இந்த எட்டுக் கிலோமீட்டர் பல லட்ச ரூபாய் வித்தியாசம்.

பத்திரம் முடிந்த கையோடு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வேண்டும். கல் நடும்போது நாலு பக்கத்துக்காரர்களும் உடனிருப்பது நல்லது. மின் இணைப்பைப் பெயர் மாற்ற வேண்டும். அடங்கலில் அந்தப் பருவத்துப் பயிரும் பாசன ஆதாரமும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயிர்க் காப்பீடும் வறட்சி நிவாரணமும் அதை வைத்துத்தான் வரும். சிறு, குறு விவசாயிச் சான்று கிடைக்கும் அளவுக்கு நிலம் இருந்தால் சொட்டுநீருக்கு நூறு சதவீத மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 75 சதவீதம். வாய்க்கால் நிலமென்றால் அந்த மதகுக்கான நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர் பெயரை மாற்றிக்கொண்டு, தண்ணீர் திறக்கும் முன் நடக்கும் கூட்டத்துக்கு நேரில் போக வேண்டும். மேல்மடைக்காரர் யார், கீழ்மடைக்காரர் யார், இரவு முறை எந்த நாளில் வருகிறது, அன்று மடை திருப்ப யார் நிற்பார் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.